"என்று சொன்னான்" என்பதை எப்படி வாசிப்பது?

இது நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரக்காரர்கள் லைக் போட்டுவிட்டு ஓடலாம், கோபிக்க மாட்டேன்.

தமிழ்ப் பத்திரிகையில் ஒரு தலைவரின் பேச்சு வந்தால் அது எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று கவனித்திருக்கிறீர்களா? "அவர் கூறியதாவது:" என்று தொடங்கும். பிறகு நாலு பத்தி, ஐந்து பத்தி அவர் பேச்சு ஓடும். கடைசியில் தனி வரியாக "இவ்வாறு அவர் கூறினார்" என்று வரும். ஆங்கிலப் பத்திரிகையில் இப்படி ஒரு வரி கிடையாது. நம் பத்திரிகைக்கு மட்டும் அது ஏன் தேவைப்பட்டது? மேற்கோள் குறி போட்டால் போதாதா?

போதாது. வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்தில் வளர்ந்தது தமிழ்ப் பத்திரிகை. டீக்கடையில் இன்றும் பாதி அப்படித்தான். கேட்பவர் காதுக்கு மேற்கோள் குறி தெரியாது. தலைவர் பேச்சு எங்கே முடிந்தது, பத்திரிகைக்காரரின் சொந்தச் செய்தி எங்கே தொடங்கியது என்பதை வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். "இவ்வாறு அவர் கூறினார்" என்பது காதுக்காகப் போட்ட மேற்கோள் குறி. இப்படித்தான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒரு பெண், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "டீச்சர், என் மகள் ஆங்கில வாசிப்புப் போட்டிக்குப் போனாள். உச்சரிப்பு நல்லா இருக்கு, ஆனா கதையில் யாராவது பேசுற இடமெல்லாம் தமிழ் ராகம் போட்டு வாசிக்கிறான்னு மார்க்கைக் குறைச்சிட்டாங்க. அன்னியிலேர்ந்து சத்தம் போட்டு வாசிக்கவே மாட்டேங்கிறா. அது என்ன டீச்சர் தமிழ் ராகம்?"

பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. அந்த ராகத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் நம் புதுச்சேரிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதனால் இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

முதலில் ராகம் எது என்று பார்ப்போம். பாடத்தில் இப்படி ஒரு வரி: "ஐ ஆம் நாட் கமிங்," ஸெட் ரவி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் இதை வாசித்தால் "கமிங்" என்ற இடத்தில் குரல் இறங்கி முடிந்துவிடும். ரவி பேசி முடித்துவிட்டான். "ஸெட் ரவி" என்பது அந்த இறங்கிய குரலிலேயே தரையோடு தரையாக, அடக்கமாக, கொஞ்சம் வேகமாக ஓடிவிடும். நம் பிள்ளை வாசித்தால் எப்படி இருக்கும்? "கமிங்" என்ற இடத்தில் குரல் இறங்காமல் நிற்கும், சில பிள்ளைகளுக்கு லேசாக மேலே போகும். பிறகு "ஸெட் ரவி" என்பதில் அழுத்தமாக இறங்கி முடியும். ஆங்கிலக் காதுக்கு இதில் இரண்டு குழப்பம். ரவி சொன்னது முடியாமல் தொங்குகிறது, ஏதோ கேள்வி மாதிரி இருக்கிறது. அதோடு, "வேறு யாரும் இல்லை, ரவிதான் சொன்னான்" என்று அடித்துச் சொல்வது போலவும் ஆகிவிடுகிறது.

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் இதைக் கேட்டிருக்கிறேன். எந்தப் பிள்ளையும் இதை ஆங்கில டீச்சரிடமிருந்து கற்கவில்லை. தாய்மடியிலேயே கற்றது.

இப்போது தமிழுக்கு வாருங்கள். "நான் வரலைன்னு ரவி சொன்னான்." இதில் "வரலை" என்ற இடத்தில் குரலை இறக்கி முடித்துப் பாருங்கள். முடியாது. "ன்னு" அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் "சொன்னான்" வரை சேர்க்கும். வாக்கியத்தின் வினைமுற்று கடைசியில் இருக்கிறது. அது வரும்வரை குரல் காத்திருக்க வேண்டும். நம் பிள்ளை ஆங்கிலத்தில் "கமிங்" என்ற இடத்தில் நிறுத்தாமல் தூக்கிப் பிடிக்கிறதே, அது வராத "ன்னு"வுக்காகக் காத்திருப்பது. இலக்கணப்படி அது சரியான காரியம், வேறு மொழியில் செய்கிறது, அவ்வளவுதான்.

இந்த "என்று" என்பது லேசான சொல் இல்லை. தொல்காப்பியம் இடையியலிலேயே "என" என்ற சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்று ஆறு பொருள் சொல்லி, "என்று" என்பதும் அது போலத்தான் என்று அடுத்த நூற்பாவில் சேர்த்துவிடுகிறது. பாருங்கள், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் நானே எத்தனை "என்று" போட்டுவிட்டேன்! பிறர் சொன்னதைச் சொல்ல, நினைத்ததைச் சொல்ல, "சடசடவென்று" ஒலியைச் சொல்ல, பெயர் வைக்க, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே.

ஆனால் ஒரு குறை உண்டு. "என்று" பேச்சு முடிந்த இடத்தைக் காட்டும், தொடங்கிய இடத்தைக் காட்டாது. மூடும் குறி இருக்கிறது, திறக்கும் குறி இல்லை. உறவுக்காரர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "அத்தை நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு சொன்னாங்க." கல்யாணத்துக்கு வராதது யார்? அத்தை தன்னைப் பற்றிச் சொன்னாரா, அல்லது நான் வரமாட்டேன் என்று அத்தை யாரிடமோ சொல்லிவிட்டாரா? எழுத்தில் தெரியாது. "அத்தை" என்றபின் சற்று நிறுத்தி "நான்" என்பதை அத்தையின் குரலில் சொன்னால் ஒரு பொருள். "நான்" என்பதை என் சொந்தக் குரலில், நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் வேறு பொருள். குடும்பங்களில் பாதிச் சண்டை இந்தத் திறக்கும் குறி இல்லாததால்தான் வருகிறது என்பது என் அனுபவம்!

பழைய காலத்தில் இந்தக் குறையைக் குரல்தான் நிரப்பியது. சங்கப் பாட்டில் பெரும்பாலும் பேசுவது யார் என்று பாட்டுக்குள் இருக்காது. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பாட்டுக்கு வெளியே குறிப்பு எழுதி வைத்தார்கள். நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பிரசங்கி ஒரே ஆள்தான். துரியோதனன் பேசும்போது குரல் ஒரு மாதிரி, திரௌபதி பேசும்போது வேறு மாதிரி. "என்றான்", "என்றாள்" வருவதற்கு முன்பே கூட்டத்துக்குப் பேசுவது யார் என்று தெரிந்துவிடும். ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் கிடையாது, மேற்கோள் குறியும் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். சுவடி என்பது வாசிக்கத் தெரிந்த வாய்க்கு ஒரு ஞாபகக் குறிப்பு மாதிரி; மீதி எல்லாம் வாயில் இருந்தது.

இப்போது நம் ஊர். ஆனந்தரங்கப் பிள்ளை என்றால் உங்களில் பலருக்கு நகரத்தில் ஒரு வீதியின் பெயர். 1709இல் பிறந்தவர். 1736 செப்டம்பர் 6 அன்று நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் எழுதினார். கனகராய முதலியார் 1746இல் இறந்தபின் பெரிய துபாசி பதவி இவருக்கு வந்தது. துபாசி என்றால் இரண்டு பாஷைக்காரர். அவர் வேலையே ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வதுதான். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த துய்ப்ளெக்ஸ் பேசியது, அவர் மனைவி பேசியது, வந்த வியாபாரி பேசியது, நவாபின் ஆள் பேசியது, இவர் பதிலுக்குச் சொன்னது எல்லாம் அந்த நாட்குறிப்பில் இருக்கிறது. தமிழ் உரைநடையில் ஒரு தனி மனிதர் இத்தனை உரையாடலை அதற்கு முன் எழுதி வைத்ததாக எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் இல்லை.

அதை வாசித்துப் பாருங்கள். வாக்கியம் பக்கக் கணக்கில் ஓடும். கவர்னர் இப்படிக் கேட்டார், அதற்கு நான் இப்படிச் சொன்னேன், அதற்கு அவர் மறுபடி இப்படிச் சொன்னார் என்று "என்று சொன்னார்", "என்று சொன்னேன்" சங்கிலி போலக் கோத்துக்கொண்டு போகும். கவர்னர் பேசியது பிரெஞ்சில் இருந்திருக்கலாம். தாளில் இறங்கும்போது அது தமிழாகி, தமிழின் "என்று"வுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கவர்னரின் "நான்" எது, பிள்ளையின் "நான்" எது என்பதைக் குரல் கொடுத்து வாசித்தால்தான் பிடிபடும். கண்ணால் மட்டும் ஓட்டினால் தடுமாறும். எனக்கும் சத்தமாக வாசித்தபோதுதான் அந்த நடை புரிந்தது.

அவர் இறந்தபின் அந்த ஏடுகள் கிடப்பில் கிடந்தன. 1846இல் கலுவா மோம்ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அவற்றைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதியாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். ஆங்கிலம் முந்திக்கொண்டது, நம் வழக்கம் அப்படி. மொழிபெயர்த்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் மேற்கோள் குறி போட்டால் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். மூடும் இடத்தை "என்று" காட்டிக் கொடுக்கும். திறக்கும் இடத்தை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு கவர்னர் என்ன சொன்னார் என்பதற்கு இந்த நாட்குறிப்பைத்தான் சரித்திரக்காரர்கள் சாட்சியாக எடுக்கிறார்கள். அதனால் ஒரு குறி எங்கே விழுகிறது என்பது சாமானிய விஷயம் இல்லை.

இதே சிக்கலைக் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதற்குப் பின் வந்த திருத்தங்களில் நிலைத்துப்போன நடையை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் அறிவீர்கள். முன்னால் "அவனை நோக்கி" என்று சொல்லி முக்காற்புள்ளி, நடுவில் பேச்சு, கடைசியில் "என்றார்". முன்னாலும் வேலி, பின்னாலும் வேலி. மூலத்தில் "அவன் சொன்னான்" என்பது பேச்சுக்கு முன்னால் வருகிறது, தமிழுக்கோ பின்னால் வேண்டும், இரண்டையும் வைத்துவிட்டார்கள். சத்தமாக வாசிக்க இதைவிடச் சுகமான அமைப்பு தமிழில் இல்லை என்பேன். "நோக்கி" என்ற இடத்தில் குரல் உயர்ந்து நிற்கும், சபை நிமிரும், பேச்சு வரும், "என்றார்" என்று இறங்கும். பத்திரிகையின் "கூறியதாவது", "இவ்வாறு அவர் கூறினார்" இரண்டும் இதே மாதிரி இரட்டை வேலிதான்.

யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர், 1822இல் பிறந்து 1879இல் மறைந்தவர், பெர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை ஒழுங்காகக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். சைவத்துக்காகப் பாதிரிமார்களோடு மல்லுக்கு நின்ற மனிதர், அவர்களின் காற்புள்ளியை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியருக்கு அடையாளம்! நாவலர் மறைந்த அதே 1879இல்தான் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது. நாவல் வந்ததும் உரையாடல் பெருகியது. பிறகு பத்திரிகைத் தொடர்கதை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்தபோது வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட கதையை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வந்தியத்தேவனுக்கு ஒரு குரல், ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல்.

சரி, ஆங்கிலக்காரன் மட்டும் என்ன, பிறக்கும்போதே மேற்கோள் குறியோடு பிறந்தானா? இல்லை. 1611இல் வந்த அவர்களுடைய ஜேம்ஸ் ராஜா பைபிளில் மேற்கோள் குறியே கிடையாது. பேச்சுக்கு இருபுறமும் குறி போடும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் நாவல்கள் பெருகியபோதுதான் நிலைபெறத் தொடங்கியது. அதே நூற்றாண்டில்தான் "எப்படி வாசிப்பது" என்ற ஆராய்ச்சியும் அங்கே கிளம்பியது. 1775இல் ஜோஷுவா ஸ்டீல் என்பவர் பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சங்கீதக் குறி மாதிரி எழுதிக் காட்டினார். காரிக் என்ற பெரிய நடிகர் ஹாம்லெட் வசனம் பேசியதைக்கூட அப்படி எழுதி வைத்தார். 1781இல் ஜான் வாக்கர், அவரும் முதலில் நடிகர், பிறகு வாசிப்பு வாத்தியார், வாக்கியத்தின் நடுவே செருகி வரும் துண்டைத் தாழ்ந்த குரலில் சற்று வேகமாகச் சொல்ல வேண்டும் என்று விதி எழுதினார். "ஸெட் ரவி" அடங்கிப் போகிறதே, அதற்கும் இதுதான் வழி.

பிறகு கிராமபோன் வந்தது. லண்டனில் டேனியல் ஜோன்ஸ் இசைத்தட்டை ஓடவிட்டு, நடுவில் ஊசியைத் தூக்கி, கடைசியாகக் காதில் நின்ற சுருதி எது என்று குறித்துக்கொண்டார். மறுபடி வைத்து, மறுபடி தூக்கி, அப்படியே ஒவ்வோர் அசையாக. 1909இல் அது புத்தகமாக வந்தது. என்ன பொறுமை! 1922இல் ஹெரால்டு பாமர், சுருதி அசைகிற முக்கிய அசையைக் கரு என்றும் அதற்குப் பின் வருவதை வால் என்றும் பிரித்தார். இந்த வால் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலத்தில் பேச்சுக்குப் பின்னால் வரும் "ஸெட் ரவி" அந்தப் பேச்சின் வால். நாய் இறங்கினால் வாலும் இறங்கும், நாய் ஏறினால் வாலும் ஏறும். "ஆர் யூ கமிங்?" என்று கேள்வி ஏறி நின்றால், "ஆஸ்க்டு மீனா" அந்த ஏற்றத்தோடு தொத்திக்கொண்டு மேலே போகும்.

தமிழில் "சொன்னான்" வால் இல்லை. அதுதான் தலை. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் புரிந்தது போல.

கேள்வியிலும் பாருங்கள். "வருகிறாயா என்று கேட்டாள்." கேள்வி என்பதை "ஆ" என்ற எழுத்து சொல்லிவிட்டது, குரல் தனியாக ஏறிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. "கேட்டாள்" என்று நிம்மதியாக இறங்கிவிடலாம். நம் பிள்ளை அதே நிம்மதியோடு "ஆர் யூ கமிங், ஆஸ்க்டு மீனா" என்று இறங்கினால், மீனா கேட்டது கேள்வி மாதிரியே இருக்காது.

புதுச்சேரிக்கு இதில் இன்னொரு கிளை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய ஓட்டுப் போட்டார்கள்; நவம்பர் 1 முதல் நிர்வாகம் கை மாறியது; சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அதற்கு முன் படித்த தலைமுறையின் காதில் இருந்தது பிரெஞ்சு. பிரெஞ்சிலும் பேச்சுக்குப் பின் வரும் "தித்-இல்", அதாவது "அவன் சொன்னான்", தாழ்ந்த குரலில் தட்டையாகத்தான் போகும். புத்தகத்தில் பேச்சு மாறும் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கும். கோட்டைக் கண்டால் குரலை மாற்ற வேண்டும். எங்கள் உறவில் பிரெஞ்சு படித்த ஒரு பெரியவர் ஆங்கிலக் கதை வாசிப்பார். சொற்களின் உச்சரிப்பு முழுக்கப் பிரெஞ்சு. ஆனால் "ஸெட் ஹி" மட்டும் அச்சு அசல் ஆங்கிலம் மாதிரி அடங்கிப் போகும். சின்ன வயதில் அது ஏன் என்று விளங்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் விளங்கியது.

இணைப்புக்குப் பின் நம் பள்ளிகளில் ஆங்கிலம் பெரிதாக வந்தது. முறைகள் பெரும்பாலும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தன. அங்கே 1950களின் முடிவில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கத் திட்டம். ஒரு குழுவுக்குப் பயிற்சி, அந்தக் குழு அடுத்த குழுவுக்கு, அது அதற்கடுத்ததற்கு. பனி உருண்டை உருள உருளப் பெரிதாவது போல என்று அதற்குப் பெயர். பனியே பார்க்காத சென்னையில் பனி உருண்டை! வாக்கிய அமைப்பு அந்த வழியில் நன்றாகவே இறங்கியது. குரல் இறங்கவில்லை. இறங்கவும் முடியாது. சுருதியைப் பத்துக் கை மாற்றிக் கொடுத்தால் கடைசிக் கையில் இருப்பது அந்த ஆசிரியரின் தாய்மொழிச் சுருதிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வங்காளத்தில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1926இல் எழுதிய நூலில், இந்தியப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஆங்கிலத்தை வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்றார். மௌன வாசிப்பு முன்னுக்கு வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் நிழலில் வாய்விட்டு வாசிப்பது பரீட்சைக்கு உதவாத காரியமாகச் சுருங்கிப்போனது. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்று என்ற கேள்விக்கு ரென் அண்டு மார்ட்டின் பார்த்து ஆயிரம் வாக்கியம் எழுதியிருப்பீர்கள். அதில் ஒன்றையாவது குரல் மாற்றி வாசிக்கச் சொல்லி யாராவது மதிப்பெண் போட்டார்களா? இன்று திடீரென்று போட்டியில் அதற்கு மதிப்பெண் குறைக்கிறார்கள்.

1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கியபின் ஒலிப்புக்கு முறையான படிப்பு வந்தது. அங்கே பன்சால் என்ற பேராசிரியர், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார். தனித்தனி எழுத்து ஒலியோடு, அழுத்தம் தப்பான இடத்தில் விழுவதும் புரியாமைக்குப் பெரிய காரணம் என்று அதில் தெரிந்தது. எனக்கு அந்த ஆராய்ச்சியில் பிடித்தது அதன் கேள்விதான். "அழகாக இருக்கிறதா" என்று அவர் கேட்கவில்லை, "புரிகிறதா" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் என் மாணவிக்குப் பதில் எழுதினேன். அம்மா, உன் மகள் வாசித்ததில் ரவி பேசி முடித்தானா இல்லையா என்று கேட்பவருக்குக் குழப்பம் வருகிறது. அதைச் சரி செய்யலாம், ஒரு வாரம் போதும். ஆனால் அதைத் தமிழ் ராகம் என்று ஒரு நோயின் பெயர் மாதிரிச் சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தது அநியாயம். அந்தப் பிள்ளை தமிழை அவ்வளவு ஆழமாக உள்வாங்கியிருக்கிறாள் என்பதற்கு அது சான்று. தமிழ் ராகம் இல்லாமல் "என்று சொன்னான்" வாசிக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். தமிழ்க் கதை வாசிக்கச் சொன்னால் "நான் வரவில்லை" என்று இறக்கி முடித்துவிட்டு, "என்று ரவி சொன்னான்" என்பதை வாலாக ஓட்டுகிறார்கள். ஆங்கில ராகத்தில் தமிழ்! அதற்கு எந்தப் போட்டியிலும் யாரும் மதிப்பெண் குறைப்பதாகத் தெரியவில்லை.

வகுப்பில் நான் செய்த வழியையும் அவளுக்குச் சொன்னேன், பேரப்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் உதவும். மூன்று பிள்ளைகளை நிறுத்துவேன். ஒருவன் ரவி, ஒருத்தி மீனா, இன்னொரு பிள்ளைக்கு "ஸெட் ரவி", "ஆஸ்க்டு மீனா" மட்டும். முதலில் வால் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. ரவியும் மீனாவும் நாடகம் மாதிரி பேசிக்கொள்வார்கள். அப்போது "ஐ ஆம் நாட் கமிங்" தானாக இறங்கி முடியும், காத்திருக்க "ன்னு" இல்லை அல்லவா? இரண்டாம் தடவை வால் பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாத மாதிரி அடங்கிய குரலில் தன் துண்டைச் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை ஒரே பிள்ளை மூன்றையும் வாசிக்கும். தனியாக இருக்கும் பிள்ளை பென்சிலால் "ஸெட்" துண்டுகளின் அடியில் மெல்லிய கோடு போட்டுக்கொண்டால் போதும். முடித்ததும் உடனே ஒரு தமிழ்க் கதையை வாசிக்கச் சொல்ல வேண்டும், அங்கே "என்று" தன் பழைய பவிசோடு திரும்பி வரட்டும். இரண்டு சுருதியையும் மாற்றி மாற்றி வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் கலக்காது. இரண்டு பாஷைக்காரர் ஊரில் இது புதிய வித்தையும் இல்லை.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் விடமாட்டேன். மேலே சொன்ன அத்தை வாக்கியத்தை இரண்டு பொருளும் தெரியும்படி இரண்டு தடவை வாசித்து, குரல் பதிவாக நம் குழுவில் போடுங்கள். உறவுக்காரர்கள் வேறு உதாரணம் எடுத்துக்கொள்ளலாம், அத்தைகள் இந்தக் குழுவில் நாலு பேர் இருக்கிறார்கள். நூலகம் போக முடிந்தவர்கள் ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் துய்ப்ளெக்ஸ் காலத்துப் பக்கம் ஒன்றைப் பிரித்து, பத்து வரி சத்தமாக வாசித்து, கவர்னர் எந்தச் சொல்லில் பேசத் தொடங்குகிறார் என்று கண்டுபிடித்துக் கீழே எழுதுங்கள். மெதுவாக வாசிக்க வேண்டாம், பேசுகிற வேகத்தில் வாசியுங்கள், அப்போதுதான் தெரியும்.